தேக்கு என்பது ஒரு கலர்

விருதுநகரில் அக்காவின் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புது அடுப்படியை எல்லோரும் மெச்சிக்கொண்டிருக்க, அம்மா சிங்குக்குக் கீழிருந்த அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாள். உடனே இருமல், பிறகு இழுப்பு. பின்வாசலில் உட்காரவைத்து மூச்சு சீராக அரை மணி நேரம் ஆனது. பலகையை ஒட்டிய பசையின் நெடி அது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வருஷக்கணக்காக மருந்துத் தூளை இழுத்த நெஞ்சு, எதையும் தாங்காது.

எங்கள் வீட்டு அடுப்படியிலோ கதவே இல்லாத சிமெண்ட் தட்டுகள். அதில் படியும் தூசியைத் துடைத்தாலும் அம்மாவுக்கு இழுக்கும். ஆக, கதவு வேண்டும், பசை கூடாது. அசல் மரத்தில் அலமாரி செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே மூன்று வீடியோ பார்த்து முடித்திருந்தேன்.

மறுவாரம் கடை கடையாக ஏறினேன். "அசல் தேக்குல கிச்சன் அலமாரி இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கே. பர்மா தேக்கு, நாட்டுத் தேக்கு, டார்க் தேக்கு. எது வேணும்?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் ஒரு தடித்த புத்தகத்தை விரித்தார். உள்ளே வழவழவென்று தாள் துண்டுகள்.

"இது மேல ஒட்டுற தாளு. நான் மரத்தக் கேக்கேன்."

"மரக் கலர்தானம்மா இது."

"கலர் இல்ல அண்ணாச்சி, மரம்."

"கல்யாணச் சீரா பாப்பா? தேக்குன்னே சொல்லிருங்க. எவுக வந்து சொரண்டிப் பாக்கப் போறாக?"

அடுத்த கடையில் 'சாலிட் உட்' என்று போர்டே மாட்டியிருந்தார்கள். கதவின் ஓரப் பட்டியை நகத்தால் நெம்பினேன். உள்ளே அழுத்திய மரத்தூள்.

"சாலிட்னு போட்டிருக்கீகளே?"

"தூக்கிப் பாருங்க, எம்புட்டுக் கனம். சாலிட்டாத்தான இருக்கு?"

மூன்றாவது கடையில் எதுவும் கேட்காமல் நேராகக் கதவை முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

கடைசியில் ஒரு மர டிப்போவில் நிஜ மரம் இருந்தது. நன்றாகக் காய்ந்த வேம்பு. கூடவே ஓர் ஆசாரியும் கிடைத்தார்.

"ஒத்தப் பலகையில இம்புட்டு அகலம் வராது. ரெண்ட ஒட்டணும். மேல வார்னிஷ் அடிக்கணும்."

"பசையும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம்."

"அப்ப மரத்த அப்படியே அடுப்படியில நட்டு வச்சிரட்டுமா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏட்டி, ஊரெல்லாம் மோந்து பாத்தியே. வேம்பு வாசம் எனக்கு ஒத்துக்கிடுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. இழுக்கப்போவது அவள் நெஞ்சு, அலைந்ததெல்லாம் என் மூக்கு. அத்தனை நாள் கடைக்காரர்கள்மேல் இருந்த எரிச்சல் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

ஆசாரிக்குப் போன் போட்டேன். சட்டத்தில் பள்ளம் வெட்டிப் பலகைகளைச் சொருகி, மூலைகளை மர ஆப்பால் இறுக்கினால் பசை வேண்டாமே என்றேன்.

"செய்யலாம். எத்தனை கதவு?"

"ஒண்ணு."

"ஒத்தக் கதவுக்கா இம்புட்டு விசாரணை?"

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறார். உடனே மாட்டப்போவதில்லை. அடுப்படிச் சுவரில் சாத்திவைத்து ஒரு வாரம் அம்மா அதன் பக்கத்தில் சமைக்கட்டும். இழுப்பு வராவிட்டால் அடுத்த கதவுக்குச் சொல்வேன். வந்தால் டிப்போவில் மற்ற மரங்களில் ஒவ்வொரு துண்டு வாங்கிவந்து, முகர்ந்து பார்க்க அவள் கையில் கொடுப்பேன்.