கூட வந்தவர்

அரசாங்க ஆபீசுக்குப் போவதென்றால் எங்கள் ராயபுரத்தில் யாரும் கசங்கிய சட்டையோடு போகமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற சட்டைதான் அதற்கும். மனநோய்க்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்கப் போனபோது நானும் அப்படித்தான் போனேன். பத்து நாளாகக் குளிக்காதவன், அன்று விடியற்காலையிலேயே எழுந்து குளித்து, சவரம் செய்து, பேண்ட்டுக்கு இஸ்திரி போட்டுக் கல்மண்டபத்தில் பஸ் ஏறினேன். அந்த ஒரு காலைக்காக மனதைத் திடப்படுத்திக்கொள்ளவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழ் தருகிற டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தினமும் குளிக்கிறீர்களா, சமைக்கிறீர்களா, யாரோடாவது பழகுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "சமாளிக்கிறேன் மேடம்" என்றேன். குளிப்பதில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பார்த்த வேலை போய் ஆறு வருஷம் ஆகிறது. சான்றிதழ் இருந்தால்தான் மாதாமாதம் உதவித்தொகை வரும், அது வந்தால்தான் இருக்கிற அறையில் இருக்க முடியும். அங்கே போய்க் கௌரவம் பார்த்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க. கூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல மேடம்."

"உங்களைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் வந்து சொல்லணும். அடுத்த வாரம் வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டு ஆள் என்று எனக்கு மிச்சம் இருப்பது எண்ணூரில் இருக்கிற அண்ணன் ஒருவன்தான். போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு வரவேண்டும் என்று சொன்னேன்.

"இன்னாடா பேசுற? பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம். நான் வந்து உனுக்கு மூள செரியில்லன்னு கையெழுத்து போட்டா, எவன்டா நம்ம வூட்டுக்கு வருவான்?"

வைத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. டீக்கடையில்கூட விரலைக் காட்டித்தான் டீ வாங்கினேன்.

ஆனால் சொன்ன நாளில் அண்ணன் வந்தான். எனக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தான். டாக்டரம்மா கேட்கக் கேட்க மளமளவென்று சொன்னான்.

"வாரக்கணக்கா குளிக்க மாட்டான் மேடம். பன்னும் டீயுந்தான் துன்றான். ஜன்னலத் தொறக்கறதே கெடையாது. தனியா குந்திகினு அழுவுறான். பக்கத்து ரூம்காரரு எனுக்குப் போன் பண்ணி சொல்லிகினே கீறாரு, மூணு வருசமா."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே தலையாட்டினார். சான்றிதழ் கிடைத்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தான், ஆனால் முடியவில்லை. அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மூன்று வருஷமாக அத்தனையும் தெரிந்திருந்தும், அவன் ஒருநாள்கூட வந்து என் கதவைத் தட்டியதில்லை.