ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய்

அவருக்கு ஊரில் பெயர் தொட்டிக்காரர். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவதும், தெருத்தெருவாக வால்வு திறந்து மூடுவதும் வேலை. இளவட்டமாக இருந்தபோது, ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள் என்று சாவியைக் கொடுத்தார்கள். தலை நரைத்துவிட்டது; ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அவரும் இன்னும் தற்காலிகம்தான்.

வீடு ரோட்டுக்கு மேற்கே. மகளைக் கட்டிக்கொடுத்தது கிழக்கே. பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா, “தண்ணி விடுறவர் வீட்டுல சம்பந்தம் பண்ணா குடம் காயாது” என்று சிரித்தார். அது கேலியா, கண்டிஷனா என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

பிறகு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். கிழக்கே புது வீடுகள் முளைத்து, ஜனம் பெருகியிருந்தது. ஒரே ஊராட்சி தாங்காது என்று இரண்டாகப் பிரித்தார்கள். ரோடுதான் எல்லை. கிழக்குப் பக்கம் வேறு ஒன்றியத்தில் சேர்ந்தது. மேலே பலகை மாறியது. அடியில் குழாய் பழையபடியே ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஊராட்சி கிளார்க் வந்தார். மோட்டார் நம்முடையது, கரண்டு நம்முடையது, இனி அவர்களுக்கு அவர்கள் ஊராட்சி பார்த்துக்கொள்ளும், கிழக்கு வால்வை மூடிவிடுங்கள் என்றார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்கள நிரந்தரம் பண்ற தீர்மானம் இந்தக் கூட்டத்துல வருதுண்ணே. பாத்து நடந்துக்குங்க.”

ரோட்டோரக் குழிக்குள் இறங்கி வால்வை மூடினார். எத்தனையோ தரம் மூடிய வால்வுதான். அன்றைக்குத்தான் அதற்கு அந்தப் பக்கம் யார் யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. மூடியது உத்தரவுக்காகவா, வேலைக்காகவா? தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் தெரிந்தே இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

கிழக்கே புது ஊராட்சி இன்னும் தண்ணீர் விடவில்லை. மகள் போன் எடுப்பதை நிறுத்தினாள். மனைவி தண்ணீர்ச் சொம்பைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

“நமக்கு மட்டும் இது தொண்டையில எறங்குதா?”

அவர் பாதியில் எழுந்துவிட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கிழக்கு வால்வுக்கு ஒரு முழம் முன்னால், ரோட்டுக்கு மேற்கு ஓரத்தில் தோண்டிக் குழாயை அறுத்து, ஒரு திருகு குழாய் வைத்தார். மறுநாள் காலையில் கிழக்குத் தெரு முழுக்கக் குடங்களோடு ரோட்டைக் கடந்து வந்து நின்றது.

கிளார்க் சைக்கிளை நிறுத்தினார். “என்னண்ணே இது?”

“தண்ணி ரோட்டத் தாண்டல தம்பி. நம்ம குழாய், நம்ம பக்கம்தான் நிக்குது.”

“புடிக்கிறது அவங்கல்ல?”

“கொடத்துல மேக்கு கெழக்குன்னு எழுதியா இருக்கு?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிளார்க்குக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “கூட்டத்துல கேப்பாங்கண்ணே.”

“கேக்கட்டும்.”

கேட்டார்கள். குழாயைப் பிடுங்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தீர்மானத்தை மட்டும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அதுவரை சம்பந்தியம்மாதான் தண்ணீருக்கு வந்துகொண்டிருந்தார். கூட்டம் முடிந்த மறுநாள் மகள் இரண்டு குடங்களோடு வந்து கடைசியில் நின்றாள். முன்னால் வா என்று சைகை காட்டினார்.

“எல்லாரும் நிக்கிறாங்கல்லப்பா. நான் வரிசையிலயே வரேன்.”

அவள் முறை வந்தது. குடம் நிறையும்வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேல என்னாச்சுப்பா?”

“தள்ளிவெச்சிட்டாங்க.”

அவள் ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மற்றதைக் கண்ணால் காட்டினாள்.

“அத ரோடு வரைக்கும் தூக்கிட்டு வாங்க. போதும்.”

தோளில் ஏற்றிக்கொண்டார். ரோடு வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் நிற்கவில்லை.