சாவோ பாவுலோவில் பொங்கிய பால்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கலியாணம் முடித்த ஒன்பது வருடத்தில் யாழ்ப்பாணம், கொழும்பு, லுசாக்கா, லண்டன், கடைசியாகச் சிட்னியில் லிட்கம் என்று மனைவியை ஐந்து வீடுகளுக்கு இழுத்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் முதல் வேலையாக அவள் பால் காய்ச்சிப் பொங்கவிட்டாள். லிட்கம் வீடு மட்டும்தான் சொந்தமாக வாங்கியது. இனி மாறத் தேவையில்லை என்று அவள் நம்பியிருந்தாள்.

எழுபதுகளின் பிற்பகுதியில், நான் வேலை செய்த பொறியியல் கம்பெனி சாவோ பாவுலோவில் மூன்று வருட வேலை ஒன்றைத் தர முன்வந்தது. இருவரும் பத்து நாள் போய் ஊரைப் பார்த்துவிட்டு, கடைசி நாளான வெள்ளிக்கிழமை மறுமொழி சொல்ல வேண்டும். தங்குவதற்குப் பதினோராம் மாடியில் ஒரு வீடும் தந்தார்கள். லிட்கமில் இருந்து புறப்படும்போதே 'சரி' என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது.

ஊரைக் காட்டி அவளை மயக்கிவிடலாம் என்று நினைத்தேன். சந்தையில் பலாப்பழமும் மரவள்ளிக்கிழங்கும் இருந்தன. பாலைச் சீனியோடு சுண்டக் காய்ச்சிய இனிப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். குசினி, அலுமாரி எல்லாம் எங்கள் ஊரில் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள்தானே, இங்கே பேசுவதும் அவர்கள் பாஷைதான், அதில் பாதி உமக்கு ஏற்கெனவே தெரியும் என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் மத்தியானம் கறுப்பு அவரைக் குழம்பில் பன்றிக் காது மிதந்ததைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வறுத்த மரவள்ளி மாவை வெறுஞ்சோற்றில் தூவிச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை கலைக்கூடத்துக்குப் போனோம். அங்கே படங்களைச் சுவரில் மாட்டவில்லை. கண்ணாடிப் பலகைகளில் பொருத்தி மண்டபம் முழுக்க நிறுத்தியிருந்தார்கள். நான் முன்பக்கங்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்து முடித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். மரச் சட்டங்களில் அந்தப் படங்கள் போய்வந்த ஊர்களின் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒரு படம் ஏழு ஊர் பார்த்திருந்தது. அதைச் சொல்ல ஓடிப்போனால், அவள் வந்ததிலிருந்து ஒரே படத்தின் முன் நிற்கிறாள். மேசையும் ஜன்னலுமாக ஒரு சாதாரண அறை. ஏழு ஊரா என்று கேட்டுவிட்டு மறுபடியும் படத்தையே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கோப்பிக்கு நான்தான் பால் வைத்தேன். அடுப்படியில் இரண்டு நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீறுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. எனக்குப் புளுகம் தாங்கவில்லை, துள்ளிக் குதிக்காத குறை. குளித்துவிட்டு வந்தவளிடம், "பாத்தீரே, கேக்காமலே பொங்கிட்டுது. இந்த வீடு எங்களை ஏத்துக்கொண்டிட்டுது" என்றேன்.

அவள் துணியை எடுத்து அடுப்பை முழுக்கத் துடைத்து முடித்தாள்.

"லிட்கமிலையும் பொங்கினதுதானே. ரெண்டு வருசமாச்சு. நீங்கள் அங்க இன்னும் பெட்டி அவிழ்க்கேல்லை" என்றாள்.

உண்மைதான். லண்டனிலிருந்து வந்த என் புத்தகப் பெட்டிகள் நான்கும் கராஜில் கயிறு கட்டியபடியே கிடந்தன. அடுத்த ஊருக்குப் போக வசதி என்று நானேதான் விட்டுவைத்தேன். அது அவள் கண்ணில் பட்டிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

பத்து மணிக்கு அங்கிருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போய், அந்த வேலை வேண்டாம் என்று சொன்னேன். அந்தக் கோபம் ஒரு மாதம் தீரவில்லை. லிட்கமில் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குள் போய்க் கயிறுகளை வெட்டி, புத்தகங்களைக் கொண்டுவந்து அலுமாரியில் அடுக்கினேன். அவள் எனக்குப் பக்கத்தில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று பெட்டிகள்தான் அவிழ்த்தேன். நான்காவது இன்னும் கட்டியபடி கிடக்கிறது. கராஜைக் கூட்டும்போது அவள் அதைச் சுற்றித்தான் கூட்டுகிறாள்.