பாய் கிணற்றுத் தண்ணீர் கறுத்த நாள்

அன்று அந்தத் தகர ஷெட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: கெமிஸ்ட் சார், கட்டட இன்ஜினியர், தண்ணீர் லாரி ஓட்டும் பாய், நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாமல்லபுரம் பக்கம் எழுந்துகொண்டிருந்த அந்தக் கட்டடத்தின் சோதனைக் கூடமான அந்த ஷெட்டில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்து, டைட்ரேஷன் செய்யும் அளவுக்கு வந்திருந்தேன்.

கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் உப்பு மிஞ்சினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். அதனால் மஞ்சள் மருந்து கலந்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் எட்டிப்பார்த்ததும் நிறுத்துவேன். எவ்வளவு செலவானதோ அதை வைத்துக் குளோரைடு, அதாவது உப்பு, கணக்கு. அதுதான் டைட்ரேஷன்.

திருக்கழுக்குன்றம் சாலையில் பாய் கடன் வாங்கி வெட்டிய புதுக் கிணறு. சோதனைக்கு வந்த அதன் தண்ணீர் முதல் சொட்டிலேயே கறுத்தது. புட்டியில் அழுகிய முட்டை நாற்றம். உப்பின் அளவு வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. நான் எண்ணை மட்டும் நோட்டில் எழுதிவிட்டேன். பிறகு வந்த மற்ற மூவரும் பார்த்தது அந்த எண்ணைத்தான்.

இன்ஜினியர் கிணற்றைத் தள்ளிவிடலாம் என்றார். பாய் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி, கடல நானா கொண்டாந்து கிணத்துல ஊத்துனேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நாற்றமடிக்கும் சல்பைடும் சில்வர் நைட்ரேட்டில் உள்ள வெள்ளியைத் தின்னும், உப்பு கூடுதலாகக் காட்டும் என்று கெமிஸ்ட் சார் முன்பே சொல்லியிருந்தார். சொன்னால் கிணறு பிழைக்கலாம். ஆனால் மனைவியின் பிரசவத்துக்குப் பாயிடம் நான் கைமாற்று வாங்கியிருந்தேன். அது பின்னால் தெரிந்தால் காசு வாங்கிப் பேசினான் என்பார்கள், வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பாய் தெருவுக்கு வந்துவிடுவார். இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

"சார், அது கறுத்துச்சு சார். முட்ட நாத்தம் வேற." "நான் பாய்கிட்ட கடன் பட்டுக்கீறேன். அதையும் தெரிஞ்சிக்கினு பாருங்க."

கெமிஸ்ட் சார் மிச்சத் தண்ணீரை முகர்ந்தார். சல்பைடைப் போக்கக் கொஞ்சம் பெராக்சைடு விட்டுக் கலக்கி, தானே டைட்ரேஷன் செய்தார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கறுக்கவில்லை. அளவு வரம்புக்குள் நின்றது. இனி பாய் தண்ணீரை நான் தொடக் கூடாது என்று மட்டும் இன்ஜினியர் சொன்னார்.

வெளியே வந்ததும் பாய் என் தோளில் தட்டினார். "நான் உன்னாண்ட கேட்டனா? எதுக்குடா கடன் கதைய அவுத்து வுட்ட?"

காசு வாங்கிப் பேசினான் என்பார்களோ என்ற பயம் விடவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் முப்பது ரூபாயைக் கொண்டுபோய் அவர் கையில் திணித்தேன். அது போக பாக்கி நாற்பத்தைந்து ரூபாய்.