நான் கொடுத்த இலாகா

பிள்ளைகளா, போன மாதம் நம் ஊர் மன்றத்தில் எனக்குச் சால்வை போட்டார்களே, அன்று பேசியவர், "இவர் பேச்சால் ஊரே சிரித்திருக்கிறது, ஒருத்தர்கூட அழுததில்லை" என்றார். நீங்கள் மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கம் இல்லை, வெட்கம். என் பேச்சால் ஒரு வீட்டில் அழுதார்கள். அதை எழுதி வைக்கிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் எழுத்து, பிழை இருக்கும்.

அப்போது கடைத்தெருவில் எனக்குச் சைக்கிள் கடை. கூடவே ஒரு மைக் செட். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் குழாய் கட்டுவது நான்தான். கட்டிவிட்டு மைக்கைப் பிடித்தால் கீழே வைக்க மாட்டேன். பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, கோடையில் தண்ணீர்ப் பந்தல், குளம் தூர்வார ஆள் திரட்டுவது என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்பேன். உங்கள் அம்மா, "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போறீங்க, நம்ம வீட்டுக்கும் ஒரு நாள் வந்துட்டுப் போங்க" என்பாள்.

ஆட்சி மாறியிருந்த காலம். டீக்கடையில் எந்நேரமும் மந்திரி பேச்சுத்தான். ஒரு பொங்கலுக்கு நான் மைக்கிலேயே ஊருக்கு ஒரு மந்திரிசபை அமைத்தேன். டீக்கடைக்காரர் உணவு மந்திரி. முடிவெட்டுகிறவருக்கு உள்துறை, ஊர் ரகசியம் முழுக்க அவரிடம்தான் இருந்தது. தெற்குத்தெருவில் ஒருவர், எப்போது பார்த்தாலும் தோளில் மண்வெட்டியோடு வாய்க்கால் மடையடியில் நிற்பார். அவரைப் பாசன மந்திரி ஆக்கினேன். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அவர்தான். அதற்குப் பிறகு ஊரில் அவருக்கு மந்திரி என்றே பெயராகிவிட்டது.

அவர் அங்கே நின்றதற்குக் காரணம் உண்டு. பெரிய பண்ணைக்காரர் ஒருவருடைய நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், தகப்பனார் காலத்திலிருந்து அவரிடம் குத்தகைக்கு இருந்தது. விதை, உழவு, நடவு எல்லாம் அவர் பொறுப்பு. அறுத்ததும் குத்தகை நெல்லை அளந்துவிடுவார். காகிதம் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான்.

அந்தச் சமயத்தில் குத்தகைக்காரர்களின் பெயரை அரசாங்க ஏட்டில் பதிய உத்தரவு வந்தது. பதிந்துவிட்டால் நிலக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. கூலி ஆளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சுற்று வட்டாரத்தில் சில ஊர்களில் இதற்காக அடிதடிகூட நடந்தது. எங்கள் ஊரில் நடக்கவில்லை. பண்ணைக்காரரின் காரியஸ்தர் மட்டும் போகிற இடமெல்லாம், "எங்க பண்ணையில குத்தகையே கிடையாதுங்க. எல்லாரும் ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த அன்று, மந்திரி காலையிலேயே கடைக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா எடுபடும்."

"அதுக்கென்ன மந்திரி, வாங்க போவோம்" என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் காரியஸ்தர் என்னை நிறுத்தினார். "இந்த வருஷமும் பொங்கல் போட்டி நம்ம பண்ணைக் களத்துலதானே? ஐயா விசாரிச்சாங்க." அவ்வளவுதான் கேட்டார்.

உள்ளே நல்ல கூட்டம். அதிகாரி மந்திரியைக் காட்டி என்னிடம், "இவரைத் தெரியுமா? என்ன பண்றார் இங்க?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்தால் என் நாக்கு வேடிக்கைப் பக்கம்தான் போகும். "இவர் எங்க ஊர் பாசன மந்திரி சார். மடை திறக்கறது, மூடறது எல்லாம் இவர் இலாகா. தவளைகூட இவர்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் கத்தும்."

எல்லாரும் சிரித்தார்கள். மந்திரியும் சிரித்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஓ, தண்ணி கட்டற ஆளா?" என்றார்.

தண்ணி கட்டுகிற ஆள் என்றால் கூலிக்கு அடுத்தவர் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர். குத்தகைக்காரர் வேறு. எனக்குத் தெரியாததல்ல. அதிகாரி பேனாவை ஏட்டின்மேல் வைத்துக் காத்திருந்தார். மந்திரியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணே, சொல்லுங்கண்ணே."

காரியஸ்தர் சன்னலோரம் நின்று என்னையே பார்த்தார்.

"ஆமா சார், தண்ணிக்கு இவர்தான்" என்றேன்.

"பாத்துக்குங்க, ஊரே சொல்லுது" என்றார் காரியஸ்தர். அதிகாரி எழுதினார்.

வாய் தவறிவிட்டது என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். பொய். களம் போய்விடுமே என்று அந்த நேரத்தில் நினைத்தேன். போட்டி இல்லையென்றால் ஊரில் நான் யார் என்றும் நினைத்தேன். மேலே மனுப் போடலாம், நானே தாலுகா ஆபீசுக்கு வந்து சொல்கிறேன் என்று மந்திரியிடம் சொன்னேன். பொங்கல் முடியட்டும் என்றேன். பிறகு தண்ணீர்ப் பந்தல் முடியட்டும் என்றேன். ஆற்றில் தண்ணீர் வந்ததும் அவர் வயலுக்குப் போனார். அங்கே பண்ணை ஆட்கள் ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தார்கள்.

அதே வயலில் கூலிக்கு நடவு நட அவர் மனைவியைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவும் போனார். நட்டு முடித்து வரப்பில் உட்கார்ந்து அழுததாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"யாரு, மைக்செட்டுக்காரரா? இன்னும் யாரைச் சிரிக்க வைக்கணுமாம்?" உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

மந்திரி வெளியே வந்தார். "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

"விடுங்கண்ணே. நானும்தானே சேந்து சிரிச்சேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அடுத்த அறுவடைக்குள் குடும்பத்தோடு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு வந்த பொங்கலுக்கும் போட்டியை அதே களத்தில் நான்தான் நடத்தினேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டி முடிந்த மறுவாரம் கடையைச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அந்த மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் அவர்தான், விசாரணையில் நான் சொன்னது பொய் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதியிருந்தேன். குமாஸ்தா படித்துப் பார்த்தார்.

"கெடு முடிஞ்சுபோச்சுங்களே. ஆளும் ஊர்ல இல்லங்கறீங்க. யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. வாங்கிக்குங்க."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்தே போடலையே" என்றார்.

பேனாவை வாங்கி, அங்கேயே குனிந்து போட்டேன்.