மறுமுனைக்கு ஆள் தேவைப்படும் நெய்வேலி வகுப்பு

மனைவி போன பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. பின்னாலேயே தூக்கமும் போனது. மனநலம் பார்க்கும் டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு முகவரியும் கொடுத்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் சனிக்கிழமைதோறும் துணியில் பாசிமணி தைக்கச் சொல்லித்தருகிறார்களாம், தனியாக இருப்பவர்கள் வருவார்களாம். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, ஜெராக்ஸ் கடைப் பெண் இதை அடித்துத் தருகிறாள்.

சேத்தியாத்தோப்பில் காலை எட்டேகாலுக்கு பஸ் ஏறினேன். வடலூர் வரை பதினைந்து ரூபாய். அங்கே பஸ் மாறி நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குப் பத்து ரூபாய். பலகை படிக்கத் தெரியாதவர்கள் கண்டக்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

"எந்த பிளாக்கு பெரியவரே?" என்றார் ஆட்டோக்காரர்.

"மணி கோக்குற வகுப்புக்குப்பா."

"இஸ்திரி போட்ட சட்டையப் பாத்து, பொண்ணு பாக்கப் போறீங்களோன்னு நெனச்சேன்."

சிரித்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகோ.

ஒரு சமுதாயக் கூடத்தில் வகுப்பு. கட்டணம் இல்லை, ஊசி, மணி எல்லாம் அவர்களே தருகிறார்கள். ஆனால் பாய்களை பிளாக் வாரியாக விரித்திருந்தார்கள்; டவுன்ஷிப்பில் குடியிருப்புப் பகுதிகளை நம்பர் போட்டு பிளாக் என்றுதான் சொல்வார்கள். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை, இந்த ஊரில் ஜனங்கள் தானாகவே அப்படித்தான் உட்காருவார்கள். இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் நான் கான்ட்ராக்ட் வேலை பார்த்த காலத்தில் சாப்பாட்டு நேரத்திலும் இதே கதைதான். பர்மனன்ட் ஆட்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எனக்கு எந்த பிளாக்கும் இல்லை. துண்டை விரித்து வாசலோரம் உட்கார்ந்தேன்.

வேலை இரண்டு பேராகச் செய்வது. பழைய புடவைத் துணியை எதிரெதிரே உட்கார்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் மணியைக் கோத்து ஊசியை மேலிருந்து இறக்குவார், மற்றவர் கீழிருந்து திருப்பித் தருவார். தனியாகத் தைக்க விடுவதில்லை. கூடத்தில் நான் ஒருவன்தான் ஆண், எதிரே உட்கார யாருக்கும் தயக்கம். சொல்லித்தருகிற கல்பனா இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, பாவம், என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போது மூலைப் பாயிலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தார். அந்தப் பாயில் அவர் மட்டும்தான்.

"ஐயா, செருப்புக்குக் காவலா உக்காந்துகினு இருக்கீங்க? இங்க வந்து இந்த முனையப் புடிங்க."

"எனக்கு பிளாக் இல்லீங்கம்மா."

"எனக்கு மட்டும் இருக்குதா? அவரு ரிட்டயர்டு ஆனதும் குவார்ட்டர்ஸ காலி பண்ணியாச்சு. வடலூர்ல வாடகை வூடு. அவரும் போயிட்டாரு. இருபதாவது பிளாக்குன்னு இன்னும் இந்தப் பாயிலயே உக்காந்துகினு இருக்கேன்."

பெயர் ஸ்டெல்லா. பகல் ஒரு மணி வரை தைத்தோம். ஊசியைத் தவறவிட்டால், "கண்ணு எங்க போச்சு, பஸ் ஸ்டாண்டுக்கா?" என்று திட்டுவார். மனைவி போன பிறகு என்னைத் திட்டியவர் அவர்தான். துணியில் ஒரு மயிலின் கழுத்து வரை முடிந்தது.

துணியை மடிக்கும்போது சொன்னார்: "அடுத்த வாரத்துலருந்து நான் வரமாட்டேன். கோயம்புத்தூருக்கு, மவன் வூட்டோட போறேன். நீங்க வருவீங்கல்ல?"

தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, பக்கத்து இருக்கை சேத்தியாத்தோப்பு வரை காலி. இருட்டியதும் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்குள் போய்விடுங்கள். மூக்குக்கண்ணாடியும் மதியச் சோறும் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் கடை இல்லை. எந்த பிளாக் என்று யாராவது கேட்டால் கூசாதீர்கள், வாசலில் உட்காராதீர்கள். மூலைப் பாய்க்கு வாருங்கள். பாதி மயிலோடு நான் இருப்பேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.