தென்காசி பச்சையான ஞாயிற்றுக்கிழமை

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் தென்காசிக்குக் கிளம்பினேன். சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். குற்றாலத்தில் சீசன்தான். ஆனால் நான் குளிக்கப் போகவில்லை.

சென்னையில் ஒரு பார்சல் நிறுவனத்தில் டேஷ்போர்டு போடுவது என் வேலை. எந்த ஊரில் எத்தனை பார்சல் சேர்ந்தது, முதல் போனிலேயே வாடிக்கையாளர் கிடைத்தாரா என்பதெல்லாம் ஒரே திரையில் பச்சையாகவும் சிவப்பாகவும் தெரியும். தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பில் இருப்பவரின் பெயர் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தானாக நீங்கிவிடும். அதோடு வேலையும் போய்விடும், கம்பெனி ஆப்பும் அவருக்குத் திறக்காது. அந்த விதியை எழுதியவள் நான்தான். தென்காசியில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் இசக்கியம்மாளுக்கு இது மூன்றாவது வாரம். எல்லாப் பார்சலையும் கொடுத்துவிடுகிறார், முதல் போனை மட்டும் பெரும்பாலோர் எடுப்பதில்லை. ஏன் என்று திரை சொல்லவில்லை.

எழும்பூரில் ரயில் ஏறி, சனி காலை ஏழே முக்காலுக்குத் தென்காசியில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் பார்சல் ஷெட். இசக்கியம்மாள் ஸ்கூட்டரில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் யாரென்று சொன்னேன்.

"நீங்கதானா அது? மூணு வாரமா என்னச் செவப்பாக்குதது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பின்னால் உட்கார்ந்து மேலகரம், இலஞ்சி, குற்றாலம் என்று சுற்றினேன். சாரல் முகத்தில் அடித்தது. பதினான்கு பார்சல். ஒன்பது மணிக்குள் எல்லாருக்கும் போன் போட்டுவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. போட்டார். பதினோரு பேர் எடுக்கவில்லை.

"அருவில தண்ணி விழுதுல்லாக்கா. போன வீட்டுல போட்டுட்டுக் குளிக்கப் போயிருப்பாவ. நனைஞ்சிரும்லா? பத்தரைக்கு மேல வாங்க, எல்லாரும் வீட்டுல இருப்பாவ."

பதினொன்றரைக்குள் பதினான்கும் கொடுத்தாகிவிட்டது. ஒரு வீட்டில் ஈரத்தலையோடு வந்து வாங்கினார்கள். இங்கே வேலை பார்க்கும் மற்ற இருவரும் கீழப்பாவூர் பக்கம் பார்சல் கொண்டுபோகிறவர்கள். அங்கே காலையில் அருவிக்கு ஓடுகிறவர்கள் குறைவு. இவ்வளவுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது என்பதில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் செய்தேன். விதியை மாற்ற அவர் ஒப்புதல் வேண்டும். "லீவுல போய் வேலை பாக்குறீங்களா? திங்கட்கிழமை பேசலாம்" என்றார். ஞாயிறு மாலை பெயர் போய்விடும் என்றேன். பார்த்துக் கூப்பிடுகிறேன் என்றார். மேலதிகாரியிடம் பேசியிருக்கிறேன் என்று மட்டும் இசக்கியம்மாளிடம் சொன்னேன். பாதி உண்மை.

"இவ்ளோ தூரம் வந்துட்டுக் குளிக்காம போவாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை குற்றாலம் மெயின் அருவி. தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தனியாகப் போகிறவர்களுக்கு அங்கே பெரிய சிக்கல், பையை யாரிடம் கொடுப்பது என்பதுதான். எல்லாரும் கும்பலாக வந்து ஒருவர் தலையில் ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பையை அணைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். ஒரு அம்மா, "கூட யாரும் வரலியா? இங்கன வைங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டு, என் உச்சியிலும் ஒரு கை எண்ணெய் வைத்தார். அருவிக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: தனியாகப் போனால் போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். சீசனில் அறை வாடகை ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது. கூட்டம் பிடிக்காதென்றால் ஞாயிறு வேண்டாம்.

மாலை ஆறே காலுக்குத் தென்காசி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது டேஷ்போர்டைத் திறந்தேன். தென்காசி பச்சையாக இருந்தது. மூன்று பெயர் இருந்த இடத்தில் இரண்டு. சிவப்பு போனதும் சராசரி ஏறிவிட்டது. மேலதிகாரியிடமிருந்து ஒரு செய்தி: "தென்காசி பச்சை! நீங்க போனது வீண் போகல."

இரண்டு நாளில் என்னைக் கூப்பிட்ட முதல் போன் அப்போதுதான் வந்தது. இசக்கியம்மாள்.

"அக்கா, ஆப்பு தெறக்க மாட்டேங்கு. நெட்வொர்க்கு கோளாறா இருக்குமோ?"

இல்லை என்றேன். பெயரை நீக்கும் விதியை எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை அவர் அணைத்தார்.

"சரிக்கா" என்றார். "குளிச்சியளா?"